புயல் கூண்டு ஏறும் நாளில் கூட்டம் போடுங்கள்

பாக் நீரிணைக் கரையில் ஊர்க்கூட்டத்துக்கு நாள் குறிப்பதே பெரிய வழக்கு. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுகள், மற்ற நாட்களில் நாட்டுப்படகுகள் என்று கடலைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு இங்கே நெடுங்காலமாக இருக்கிறது. இரு தரப்பும் ஒரே இரவில் கடலில் இருந்தால் வலை அறுபடும், கைகலப்பு வரும், உயிர்கூடப் போகும் என்று பட்டறிந்து செய்துகொண்ட ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதனாலேயே, கூட்டம் என்று எந்த நாளைச் சொன்னாலும் ஒரு தரப்பு கடலில் இருக்கும். கரையில் இருப்பவர்கள் கூடி, கடலில் இருப்பவர்களைப் பற்றித் தீர்மானம் போடுவார்கள். அவர்கள் கரைக்கு வந்ததும் அதற்கு மறுப்பாக இன்னொரு தீர்மானம் போடுவார்கள். இரண்டும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவாகப் போகும். இரண்டிலும் “ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது” என்று எழுதியிருக்கும்.

இதற்கு வழி சொன்னவர் வயதான சம்மாட்டி, அதாவது படகு உரிமையாளர் ஒருவர். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டால் மீன்வளத் துறை யாருக்கும் அனுமதிச் சீட்டு தராது. விசைப்படகும் நாட்டுப்படகான வத்தையும் சேர்ந்தே கரையில் கிடக்கும். “டீச்சர், கூண்டு ஏறுகிற நாளில் கூட்டம் போடுங்கள். அன்றைக்குத்தான் எல்லாருக்கும் ஒரே கடல்” என்றார். அதன் பிறகு எங்கள் ஊரில் முக்கியமான பேச்சுகள் பலவும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், மழைக்கு நடுவே, பள்ளிக்கூட வராந்தாவில்தான் நடந்தன.

நான் கடற்கரைப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருந்தவள். வேகமாக எழுதுவேன் என்பதால் சங்கத்தின் தீர்மானப் புத்தகம் என் கைக்கு வந்தது. எழுதுகிறவளுக்குப் பேச உரிமை கிடையாது என்று ஆரம்பத்தில் சொன்னார்கள். பேசாமல் இருந்து கேட்டதில்தான் எனக்கு நிறையப் புரிந்தது. இந்தக் கரையின் எந்தப் பிரச்சினையும் மீன் விலையோடு நிற்பதில்லை. கச்சத்தீவு, கடலடியை வாரும் இழுவைமடி வலை, தேசியப் பூங்கா, சேது கால்வாய் என்று எதை எடுத்தாலும் நாடு, இனம், மதம், இயற்கை, பசி எல்லாம் ஒன்றாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்படிப்பட்ட விஷயங்களைப் பலர் முன்னிலையில் பேசித் தீர்க்க நினைப்பவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எந்தக் கூட்டத்திலும் முதலில் கேட்க வேண்டியது ஒரு கேள்வி: இந்த நியாயம் வென்றால் அதற்கு விலை கொடுக்கப்போவது யார்? அவர் இங்கே வந்திருக்கிறாரா? யார் சொல்வது சரி என்ற கேள்வி அதற்குப் பிறகு வரட்டும். விலை கொடுப்பவர் இல்லாத கூட்டத்தில் நியாயம் பேசுவது மிகவும் சுலபம். அதனாலேயே அங்கே பேசுகிறவர்கள் குரல் உயர்ந்துகொண்டே போகும்.

கடற்பாசி எடுக்கும் பெண்களின் விஷயத்தில் இதைக் கண்கூடாகப் பார்த்தேன். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றிய கடலையும் 1986இல் மன்னார் வளைகுடா கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1989இல் அது உயிர்க்கோளக் காப்பகமும் ஆனது. தீவுகளில் இறங்கக் கூடாது, அங்கிருந்து எதையும் எடுக்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் பாம்பன், மண்டபம், பெரியபட்டினம் பக்கத்துப் பெண்கள் தலைமுறையாக அந்தத் தீவுகளைச் சுற்றித்தான் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, முகத்தில் கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிப் பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பறிக்கிற வேலை. கட்டக்கோரையும் கஞ்சிப் பாசியும் உண்டு. ஐஸ்கிரீமுக்கும் மருந்துக்கும் துணி ஆலைக்கும் போகிற சரக்கு அது. எடுக்கிறவர்களின் கையில் வெட்டுக்காயம் ஆறுவதே இல்லை.

பூங்காவைப் பற்றி வெளியூரிலிருந்து வந்தவர்கள் பேசிய கூட்டம் ஒன்றில் நான் குறிப்பெடுத்தேன். பவளப்பாறை என்பது மீனின் பிறந்த வீடு, அது போனால் எல்லாம் போகும் என்று படித்த இளைஞர் ஒருவர் மிக நன்றாக விளக்கினார். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. ஊர்ப் பெரியவர்கள் தலையாட்டினார்கள். ஆனால் தீவுக்குப் போகிற பெண்கள் எவரும் உள்ளே இல்லை. எங்கள் பக்கத்தில் ஊர்க்கூட்டம் என்றால் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி கட்டும் ஆண்களின் கூட்டம். சில பெண்கள் மட்டும் ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தார்கள். அவர்களில் ஒரு பெரியம்மா ஜன்னல் வழியாகவே கேட்டார்: “தம்பி, அந்தப் பாறை செத்துப்போனால் முதலில் பட்டினி கிடக்கப்போவது நீங்களா, நாங்களா? அப்படியிருக்க, அதைக் காப்பாற்றும் வழியை எங்களிடம் ஏன் யாரும் கேட்கவில்லை?”

அந்த இளைஞர் நல்லவர். கோபப்படவில்லை, வெளியே வந்து அவர்களோடு மணலில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த பேச்சு, பாசி காயப்போடும் இடத்தில், அவர்கள் கடலிலிருந்து திரும்பிய பிறகு நடந்தது. இடத்தை மாற்றியதும் பேச்சே மாறியது. மேடையில் “இயற்கையா, வாழ்வாதாரமா” என்று இரண்டு கட்சியாகத் தெரிந்தது, அங்கே ஏழெட்டு சின்னக் கேள்விகளாகப் பிரிந்தது. கையால் பறித்தால் பாசி மறுபடி தழைக்குமா, இரும்புத் தகட்டால் சுரண்டினால் என்ன ஆகும்? படகின் நங்கூரம் எந்த இடத்தில் பாறையை உடைக்கிறது? எந்த மாதத்தில் பாசி குருத்து விடுகிறது? இவற்றுக்கெல்லாம் பதில் உண்டு. கடலில் இறங்கிப் பார்க்கலாம், வியாபாரியின் எடைக் கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்க்கலாம். பார்த்தார்கள்.

அங்கேதான் இன்னொரு கணக்கும் வெளியே வந்தது. மன்னார் வளைகுடாவில் பவளப்பாறையை வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக்கும் ஆலைகளுக்கும் ஏற்றிய காலம் ஒன்று இருந்தது. 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் நீருக்குள் போய்விட்டன. “தீவையே லாரியில் ஏற்றினவர்களைக் கூட்டத்தில் யாரும் நிற்கவைத்துக் கேட்கவில்லை. ஒரு கூடை பாசிக்கு எங்களை நிற்கவைக்கிறார்கள்” என்றார் ஒரு அக்கா. பாதுகாப்பு வேண்டும் என்பதில் அவருக்கு மறுப்பில்லை. பழைய செலவையும் தன் தலையில் கட்டுவதைத்தான் அவர் மறுத்தார். இந்த வேறுபாட்டைக் காது கொடுத்துக் கேட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். கேட்காவிட்டால் அவரை ‘இயற்கைக்கு எதிரி’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவோம்.

இந்தக் கரையின் பாசி எடுக்கும் பெண்கள் தங்களுக்குத் தாங்களே விதி போட்டுக்கொண்டவர்கள். மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டும் எடுப்பது, இரும்புக் கருவி கூடாது, பாசி வளரும் கோடையில் சில வாரம் கடலில் இறங்காமல் இருப்பது. அந்த விதிகளை அரசாணையைவிடக் கடுமையாகக் காவல் காக்கிறார்கள். மீறிய பெண்ணின் வீட்டு வாசலில் போய் நிற்பவர்களும் அவர்களே. சட்டத்தோடு அவர்களுக்கு இருக்கும் சிக்கல் இன்றும் தீரவில்லை. ஆனால் பேச்சின் தரம் உயர்ந்தது. அதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை.

கடல் அட்டை விஷயத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அதைச் சேர்த்தபோது, அதை நம்பி முத்துக்குளிப்பவர்களைப் போல மூழ்கிப் பிழைத்தவர்களுக்குச் செய்தி போலீஸ் வழியாகத்தான் வந்து சேர்ந்தது. அதே கடலின் மறுகரையில், இலங்கையில், அட்டைக்கு உரிமம் உண்டு, பண்ணையும் உண்டு. தடை சரியா தவறா என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்லவில்லை. கேட்காமல் போட்ட தடை இன்றுவரை இங்கே நியாயமாக ஏற்கப்படவில்லை. இருட்டில் நடக்கும் கடத்தலை ஊரே பார்த்தும் பாராமல் இருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

இனி இழுவைமடி. இதைப் பற்றிப் பேசும்போது எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது. மற்ற சண்டைகளில் எதிரில் இருப்பவர் அரசாங்கம் அல்லது வெளியூர்க்காரர். இதில் எதிரில் இருப்பவர் நம் மொழி பேசும் இன்னொரு மீனவர்.

1983 முதல் 2009 வரை இலங்கையில் போர். வடக்கு மாகாண மீனவர்கள் கடலில் இறங்கவே தடைகள் இருந்தன. அந்தக் காலத்தில் நம் விசைப்படகுகள் பெருகின. பாக் நீரிணை ஆழமில்லாத கடல். அடியை வாரியிழுக்கும் மடிக்கு நம் பக்கம் போதாமல் அந்தப் பக்கம் போவது பழக்கமாகியது. போர் முடிந்து அவர்கள் கடன் வாங்கிச் சிறு படகும் வலையும் போட்டபோது, இரவில் நம் படகுகள் அந்த வலைகளின் மேலேயே போயின. நம் பக்கம் மேடைக்கு மேடை அவர்களைத் தொப்புள்கொடி உறவு என்கிறோம். அந்த உறவின் வலை இரவில் நம் மடியில் சிக்கிக் கிழிகிறது. இரண்டும் உண்மை. இரண்டையும் ஒரே மேடையில் சொல்லத் துணிந்தவர்கள் மிகச் சிலர்.

இன்னொரு உண்மையும் உண்டு. நம் மீனவர்கள் சுடப்பட்டிருக்கிறார்கள், அடிக்கப்பட்டிருக்கிறார்கள், சிறைப்பட்டிருக்கிறார்கள். படகுகள் அங்கே துறைமுகங்களில் மட்கிக் கிடக்கின்றன. இதைச் சொல்லும்போதே “அப்படியானால் எல்லை தாண்டியது ஏன்” என்று குறுக்கே கேட்பதும், அவர்கள் வலையைச் சொல்லும்போதே “எங்கள் ஆளைச் சுட்டது யார்” என்று குறுக்கே கேட்பதும் பேச்சைக் கொல்லும் வழிகள். ஒரு துயரத்தை இன்னொரு துயரத்தால் வாயடைக்கக் கூடாது. ஒன்றை முழுவதும் கேட்டு எழுதி முடித்தபின் அடுத்ததைக் கேட்க வேண்டும். எங்கள் கூட்டத்தில் இதற்கு ஒரு முறை வைத்தோம். ஒருவர் பேசியதை நான் எழுதி, உரக்கப் படிப்பேன். “நான் சொன்னது இதுதான்” என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகே அடுத்தவர் வாய் திறக்கலாம். நேரம் எடுக்கும். முதலில் சலித்துக்கொண்டார்கள். ஆனால் தன் சொல் பிசகாமல் திரும்பி வருவதைக் கேட்ட மனிதருக்குக் கத்த வேண்டிய தேவை குறைந்துவிடுகிறது.

அப்படி நடந்த ஒரு நாளில்தான், யாழ்ப்பாணச் சிறையிலிருந்து திரும்பிய படகு ஓட்டுநர் ஒருவர் பேசினார். அதுவரை கூட்டங்களில் சம்மாட்டிகள் பேசுவார்கள், கூலிக்குப் போகிறவர்கள் பின்னால் நிற்பார்கள். அவர் சொன்னதை எழுதியபடியே தருகிறேன்: “நீதிமன்ற வாசலில் ஒரு பெண் என் முகத்துக்கு நேரே வந்து நின்றார். என் வலைக்கு யார் காசு கொடுப்பார் என்று கேட்டார். காவலர்கள் திட்டியது எனக்குப் புரியவில்லை. அந்த அம்மா கேட்டது ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. அந்த வலைக்கு நான் காசு கொடுக்க முடியாது. படகு என்னுடையது இல்லை, மீனும் என்னுடையது இல்லை. சிறை மட்டும்தான் என்னுடையது.”

அவர் உட்கார்ந்த பிறகு நெடுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு சம்மாட்டி, தன் படகின் கடனைச் சொல்ல ஆரம்பித்தார். வங்கிக்கு எவ்வளவு, ஏலக் கடைக்காரரிடம் முன்பணம் எவ்வளவு, டீசலுக்கு எவ்வளவு என்று. அதற்கு முன் அவர் எந்தக் கூட்டத்திலும் அந்தக் கணக்கைச் சொன்னதில்லை. பாரம்பரிய உரிமை என்றே பேசிவந்தார். உரிமை பேசும்வரை அவருக்கு எதிரி அந்தக் கரையில் இருந்தார். கடனைச் சொன்னபோது, கூலிக்காரரும் அவரும் அந்தப் பெண்ணும் ஒரே வரிசையில் வந்தார்கள். இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் நடைமுறையானது. பெரிய சொற்களோடு வருகிறவரிடம் அந்தச் சொல்லைப் பற்றி வாதாட வேண்டாம். “உங்கள் வீட்டில் இதனால் என்ன நடக்கும்” என்று கேளுங்கள். மானம், துரோகம், இனம் என்ற சொற்களுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு கடன் பத்திரமோ, கல்யாணத்துக்கு நிற்கும் மகளோ, செத்துப்போன தம்பியோ இருப்பார்.

இந்தப் பேச்சுவார்த்தைகளின் வரலாறு அதையே காட்டுகிறது. 2010 ஆகஸ்டில் இலங்கை மீனவர் பிரதிநிதிகள் தமிழகம் வந்து பேசினார்கள். ஓராண்டில் இழுவைமடியை விட்டுவிடுவோம் என்று நம் தரப்பு ஒப்புக்கொண்டது. அது நடக்கவில்லை. 2014 ஜனவரியில் சென்னையிலும் மே மாதம் கொழும்பிலும் மறுபடி உட்கார்ந்தார்கள். 2016 நவம்பரில் டில்லியில் அரசுகள் பேசின. 2017 ஜூலையில் இலங்கை நாடாளுமன்றம் இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தது. அதே மாதம் ராமேஸ்வரத்தில், இழுவைப்படகை ஒப்படைத்துவிட்டு ஆழ்கடல் சூரை பிடிக்கப் போகும் திட்டம் தொடங்கப்பட்டது. 80 லட்சம் ரூபாய் படகு. பாதி மத்திய அரசு, 20 சதவீதம் மாநில அரசு, 20 சதவீதம் வங்கிக் கடன், 10 சதவீதம் மீனவர். கேட்க நல்ல திட்டம். ஆனால் மாலையில் போய்க் காலையில் திரும்பிப் பழகிய கூலிக்காரர் வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடப்பது எப்படி, அதுவரை அவர் வீடு ஓடுவது எப்படி, படகை விட்டுவிட்ட சம்மாட்டியிடம் அவருக்கு என்ன உரிமை என்று அந்தக் கணக்கில் ஒரு வரியும் இல்லை. ஓராண்டில் விட்டுவிடுவோம் என்ற வாக்கு ஏன் நிற்கவில்லை என்று என்னைக் கேட்டால், வாக்குக் கொடுத்த மேசையில் அதற்கு விலை கொடுப்பவர்கள் உட்காரவில்லை என்பேன்.

கப்பல் போக மணல் திட்டுகளைத் தோண்டும் சேது கால்வாய்த் திட்டத்தின் விவாதம் எங்களைத் தாண்டியே போனது. 2005 ஜூலை 2ஆம் தேதி மதுரையில் பிரதமர் மன்மோகன் சிங் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 2007 செப்டம்பரில், ராமாயணத்துக்கு வரலாற்றுச் சான்று உண்டா என்பதில் உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசு தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம் நாடு முழுவதும் கொந்தளிப்பாகி, அரசு அதைத் திரும்பப் பெற்றது. பிறகு நாடு முழுவதும் ஒரே கேள்வி: அந்த மணல் திட்டுகள் ராமர் கட்டிய பாலமா, இல்லையா? நம்பிக்கையை ஆவணத்தால் அளந்தார்கள், கப்பல் லாபத்தைப் பக்தியால் அளந்தார்கள். முழக்கோலை வைத்துக்கொண்டு மீனை எடை போடுவது போலத்தான் இருந்தது. தனுஷ்கோடியில் கரைவலை இழுப்பவரிடம் கேட்டால் அவர் இரண்டு பக்கமும் கேட்காத ஒன்றைக் கேட்டார்: தோண்டி எடுக்கும் சேற்றை எங்கே கொட்டுவார்கள்? அவர் ராமநாதசுவாமி கோயிலுக்குத் தவறாமல் போகிறவர். திட்டத்தை எதிர்த்தவர்கள் அவரைத் தங்கள் ஆள் என்றார்கள், ஆதரித்தவர்கள் அவருக்கு வேலை வரும் என்றார்கள். அவருடைய கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. 2023 ஜனவரியில் தமிழகச் சட்டமன்றம் திட்டத்தை நிறைவேற்றக் கோரித் தீர்மானம் போட்டபோதும் அந்தக் கேள்வி அப்படியே இருந்தது.

ஒரு விஷயத்தில் தெளிவாக இருக்க வேண்டும். எல்லாரையும் உட்காரவைத்து எல்லாருடைய இழப்பையும் கேட்க வேண்டும் என்று நான் சொல்வது, எல்லா இழப்பும் சம எடை என்பதற்காக இல்லை. எங்கள் மாவட்டத்துக் கமுதியிலேயே சான்று இருக்கிறது. 1897இல் நாடார்கள் மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நுழைந்தார்கள். ராமநாதபுரம் சமஸ்தானத்தின் தரப்பில் வழக்குப் போட்டார்கள். மதுரை நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றம் என்று போய் 1908இல் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலும் நுழையக் கூடாது என்றே தீர்ப்பளித்தது. வழக்கம், சாஸ்திரம், மற்றவர்களின் மனவருத்தம் எல்லாம் அங்கே கவனமாக எடைபோடப்பட்டன. இன்று அந்தத் தீர்ப்பைச் சரி என்று சொல்ல யாராவது வாய் திறப்பார்களா? 1939இல் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. ஒரு மனிதர் வாசலுக்குள் வரலாமா என்பதைப் பேரம் பேசித் தீர்க்கக் கூடாது. உள்ளே இருப்பவருக்கு அது வருத்தம் தருகிறது என்பது ஒரு செய்தியாக இருக்கலாம், தடையாக முடியாது.

எங்கள் கூட்டத்துக்குள் பெண்கள் வந்து உட்காருவதை நான் அந்த வகையில் வைத்தேன். மற்ற எதிலும் விட்டுக்கொடுத்தேன். இதில் கொடுக்கவில்லை. பெண்கள் உள்ளே இல்லாவிட்டால் எழுத மாட்டேன் என்று தீர்மானப் புத்தகத்தை மூடிவைத்தேன். பெரியவர்கள் சிலர் எழுந்து போனார்கள். மாமா முறை உள்ள ஒருவர் வெகுகாலம் என்னோடு பேசவில்லை. ஆனால் அவருடைய மருமகள் இன்று பாசிச் சங்கத்தில் பேசுகிறாள்.

நடைமுறையில் இன்னும் சில. கைபேசியில் படம் பிடிக்கத் தொடங்கினால் பேசுகிறவர் எதிரில் இருப்பவரை விட்டுவிட்டு, ஊருக்கு வெளியே இருக்கும் கூட்டத்துக்குப் பேசுகிறார். அங்கே கைதட்டு வேண்டும், ஆகவே இங்கே இறங்கிவர முடியாது. அதனால் பேசும் நேரத்தில் படம் எடுப்பதில்லை என்று முடிவு செய்தோம். அதற்காகக் கதவைச் சாத்திப் பேசி ரகசியமாக முடிக்கவும் கூடாது. பத்து நாளில் வதந்தி கிளம்பும், யார் யாரிடம் பணம் வாங்கினார் என்று. எனவே முடிவை மட்டும் எழுதாமல் காரணத்தையும், ஏற்காதவர்கள் சொன்ன மறுப்பையும் சேர்த்து எழுதி, மீன் ஏலம் நடக்கும் இடத்தில் ஒட்டினோம். ‘ஏகமனதாக’ என்ற வழக்கமான சொல்லை எழுதுவதை நிறுத்தினேன். மறுத்தவரின் காரணம் சுவரில் இருந்தால் அவர் தோற்றவராகத் தெரிவதில்லை. அடுத்த கூட்டத்துக்கும் வருகிறார். சுவரில் ஒட்டியதைப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பள்ளிப் பிள்ளைகள் படித்துக் காட்டினார்கள்.

முடிவுக்குக் காலக்கெடு வைப்பதும் முக்கியம். நிரந்தரம் என்றால் யாரும் அசைய மாட்டார்கள். “இந்தப் பருவத்துக்கு மட்டும், அடுத்த தடைக்காலம் முடிந்ததும் மறுபடி பேசுவோம்” என்றால் மிகக் கடுமையாக மறுத்தவரும் முயன்று பார்க்கச் சம்மதிக்கிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருப்பது இதற்கு வசதி. முன்பு 45 நாளாக இருந்ததை 2017இல் கூட்டினார்கள். அந்த நாட்களில் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள், கணக்குப் பார்க்க நேரம் இருக்கும். நாட்டுப்படகுக்காரர்களை அப்போது வைத்துப் பேசவேண்டுமானால் மாலையில் அழையுங்கள்.

‘திருடர்’, ‘துரோகி’ என்ற சொற்களை எங்கள் கூட்டத்தில் நான் எழுத மறுத்தேன். அதற்குப் பதிலாக என்ன செய்தார், எந்த இரவில், எத்தனை வலை போனது என்று கேட்டு எழுதினேன். ஒரு மனிதர் எப்படிப்பட்டவர் என்பதில் முடிவுக்கு வர முடியாது. எத்தனை வலை கிழிந்தது என்பதில் வரலாம். நஷ்டஈடு பேச வேண்டிய நாள் வந்தால் அந்த எண்ணிக்கைதான் உதவும்.

எங்களால் இன்னும் செய்ய முடியாதது ஒன்று உண்டு: மறுகரையை எங்கள் வராந்தாவில் உட்காரவைப்பது. கச்சத்தீவு என்ற பேச்சு எழும்போதெல்லாம் இது எனக்கு உறுத்துகிறது. 1974இல் தீவு இலங்கைக்குப் போனது. 1976இல் நடந்த கடிதப் பரிமாற்றம் ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிக்கக் கூடாது என்றது. 2025 ஏப்ரலில் தீவை மீட்கச் சொல்லிச் சட்டமன்றம் மறுபடியும் தீர்மானம் போட்டது. 285 ஏக்கர் தீவு. நம்மைக் கேட்காமல் கொடுத்தார்கள் என்ற வலி நியாயமானது. அதை நானும் சுமக்கிறேன். ஆனால் தீவு திரும்பி வந்தாலும் இழுவைமடிக்கு மீன் திரும்பி வராது, அந்தப் பெண்ணின் வலையும் வராது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. கோபப்படுகிறவர்களிடமும் அதே கேள்வியைத்தான் கேட்கிறேன்: இந்தத் தீர்மானத்துக்கு யார் விலை கொடுப்பார்?

வருடத்தில் ஒருமுறை, கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவில், இரு கரையின் மக்களும் பாஸ்போர்ட் இல்லாமல் சந்திக்கிறார்கள். சோப்பும் துணியும் பரிமாறிக்கொண்டு அழுது பிரிகிறார்கள். 2024இல் நம் படகு ஓட்டுநர்களுக்குச் சிறைத் தண்டனை விதித்ததைக் கண்டித்து நம் பக்கத்து மீனவர்கள் அந்தத் திருவிழாவைப் புறக்கணித்தார்கள். கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் இருவரும் நேருக்கு நேர் பார்க்கக் கிடைத்த ஒரே இடத்தை அந்த ஆண்டு நாமே மூடினோம் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். திருப்பலிக்கு முதல் நாள் இரவு அங்கே எல்லாரும் மணலில்தான் தங்குகிறார்கள். அந்த இரவில் ஒரு சில மணி நேரம், இரு பக்கத்துக் கூலிக்காரர்களும் வலை இழந்தவர்களும் மட்டும், அமைச்சரும் சம்மாட்டியும் கைபேசியும் இல்லாமல் உட்கார வேண்டும் என்று பங்குத்தந்தையிடமும் சங்கத்தாரிடமும் கேட்டிருக்கிறேன். சிறையிலிருந்து வந்த அந்த ஓட்டுநர் முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருக்கிறார். பாசிச் சங்கத்துப் பெண்கள் தாங்களும் வருவதாகச் சொல்கிறார்கள். அவர்களைப் படகில் ஏற்றுவதா என்பதில் இப்போது விவாதம் நடந்துகொண்டிருக்கிறது.